லாக் கோப்பைத் திறக்கும் குறுக்குவிசையைத் திருப்பித் தாருங்கள்

தானியக்க மென்பொருளை உருவாக்கி வெளியிடும் குழுவினருக்கு,

வணக்கம். அண்மைப் பதிப்பில் என்னென்ன மாற்றினீர்கள் என்பதை உங்களிடமே நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இம்மடல். கன்ட்ரோல் விசையையும் எல் (L) விசையையும் சேர்த்து அழுத்தினால் திறந்துவந்த லாக் கோப்புறை, அதாவது பணி ஓடியபோது நடந்ததையும் நேர்ந்த பிழையையும் மென்பொருள் பதிந்துவைக்கும் கோப்புகள் இருக்கும் இடம், இப்போது திறப்பதில்லை. அதற்குப் பதிலாக உதவியாளர் பலகம் வந்து நின்று, என்ன உதவி வேண்டும் என்று விசாரிக்கிறது. லாக் கோப்பைத் திறக்கச் சொன்னால், அதை மட்டும் அதற்குச் செய்யத் தெரியவில்லை.

பட்டியில் வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மூன்று அடுக்குக்குக் கீழே. பகலில், சொந்தக் கணினியில் வேலை செய்பவருக்கு அது பெரிய குறையன்று. ஆனால் நாங்கள் நம்பியிருக்கும் பணிகள் ஓடுவது தொலைவிலுள்ள சர்வரில், பெரும்பாலும் இரவில். பணி பாதியில் நின்றுவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும் சர்வரின் திரையை நம் கணினியிலேயே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைகிறோம். இணைப்பு மந்தமாக இருந்தால் மவுஸை நகர்த்திய பிறகே அம்புக்குறி யோசித்து நகரும். மூன்றாம் அடுக்கை எட்டுவதற்குள் இரண்டாம் அடுக்கு மூடிக்கொள்ளும். விண்டோஸ் விசையோடு ஆர் (R) விசையை அழுத்தி, கோப்புறையின் பெயரைத் தட்டித் திறக்க உதவும் ரன் பெட்டியை வரவழைக்கலாம் என்றால், ரிமோட் சாளரம் முழுத்திரையில் இல்லாத வரை, இயல்பான அமைப்பில் அந்தப் பெட்டி நம் கணினியில்தான் திறக்கும். முழுத்திரைக்கு மாறி, ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் மென்பொருள்கள் தம் தரவைச் சேமிக்கும் லோக்கல் ஆப்டேட்டா கோப்புறையின் பெயரைத் தட்டினாலும், உள்ளே நுழைந்திருப்பவரின் கோப்புறைக்கே அது கொண்டுபோய் விடுகிறது. பணியைச் செய்யும் ரோபோ நிரல் ஓடியதோ தனக்கென ஒதுக்கப்பட்ட வேறொரு கணக்கில். அந்தக் கணக்கின் வழியே தேடிப் போனால், ஆப்டேட்டா கோப்புறையை விண்டோஸ் முன்பே மறைத்து வைத்திருக்கிறது. எந்தக் கணக்கில் ஓடியது, எங்கே எழுதியது என்பதெல்லாம் உங்கள் மென்பொருளுக்குத் தெரியும். பழைய குறுக்குவிசை எங்களை நேராக அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

இது வழக்கத்தில் இல்லாத வசதியும் அன்று. யூஐபாத் ஸ்டூடியோ என்ற இன்னொரு தானியக்க மென்பொருளில் இதே கன்ட்ரோல், எல் விசைகள் லாக் கோப்புறையைத் திறக்கின்றன. நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டூடியோ கோடில் எந்தக் கட்டளைக்கும் பயனர் தாம் விரும்பும் விசையைப் பொருத்திக்கொள்ளலாம். வலைத்தளங்களுக்காக 2008-இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டுதலின் இரண்டாம் பதிப்பு, எல்லாச் செயல்பாடுகளும் விசைப்பலகையாலேயே இயங்க வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்தது. உங்கள் பட்டியின் மூன்றாம் அடுக்கோ அம்பு விசைகளுக்குச் செவிசாய்ப்பதில்லை. மவுஸைப் பிடிக்க இயலாத ஒருவர் லாக் கோப்பைப் பார்க்கவே முடியாது.

திரையின் வண்ணத்தை மாற்ற மட்டும் புதிதாக ஒரு குறுக்குவிசை தந்திருக்கிறீர்கள். நன்றி. பணி தோற்று நின்ற இரவில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தோம்; பிழை அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் பார்ப்பவரை மயக்கும் ஏதாவது ஒன்று முன்னுக்கு வருவதும், பயன்படுத்துபவரின் கைக்குப் பழகிய ஏதாவது ஒன்று காணாமற்போவதும் வாடிக்கையாகிவிட்டது. செயல்விளக்கத்தில் எந்தப் பணியும் தோற்பதில்லை என்பதால், அங்கே லாக் கோப்பு யாருக்கும் தேவைப்படுவதில்லை போலும்.

கடுமை சற்றுக் கூடிவிட்டதெனில் பொறுத்தருள்க. லாக் கோப்பைத் திறக்கும் குறுக்குவிசையை அடுத்த பதிப்பில் மீண்டும் தர வேண்டுகிறோம். கன்ட்ரோல், எல் விசைகளை உதவியாளரிடமிருந்து பிரிக்க மனம் வரவில்லையெனில், வேறு விசைகளை நாங்களே பொருத்திக்கொள்ள அமைப்புகளில் இடம் தாருங்கள். கோப்புறையோடு நில்லாமல், கடைசியாக ஓடிய பணியின் கோப்பையே அதன் இறுதி வரியில் திறந்துகாட்டினால் இன்னும் நன்று. அது பிறகு வரட்டும்; குறுக்குவிசை முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்