பணம் கட்டினோம், விண்ணப்பம் போகவே இல்லை

கரூர்
18.08.2025

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தந்தை, கரூர்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஜெர்மனி விண்ணப்பங்களை அனுப்பாமல் விட்டது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் மகள் 2024இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தாள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலை படிக்க வேண்டும் என்பது அவளுடைய நீண்ட நாள் ஆசை. நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், அங்குள்ள நடைமுறை எதுவும் எனக்குத் தெரியாது. அதனால்தான் பிப்ரவரியில் உங்களிடம் வந்தோம். அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்திற்கு ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தீர்கள். ஜி.எஸ்.டி.யோடு ரூ. 70,800 கட்டினோம். வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் அமைப்பின் கட்டணம் முதல் விண்ணப்பத்திற்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ, மொத்தம் 195 யூரோ என்று கணக்குச் சொல்லி மேலும் ரூ. 19,000 வாங்கினீர்கள்.

எங்கள் பக்கம் எந்தத் தாமதமும் இல்லை. ரூ. 18,000 கட்டி, இங்கே படித்த சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மனிக்கு உறுதி சொல்லும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு மகளே விண்ணப்பித்தாள். மே 6ஆம் தேதி அது கைக்கு வந்தது, அன்றே உங்களுக்கு அனுப்பினாள். ஜூனில் உங்கள் ஆலோசகர், "விசா வேலை ஆரம்பித்துவிடும், பணத்தைத் தயார் செய்யுங்கள்" என்றார். அதை நம்பி ஒரகடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டாள். அங்கே தங்கும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் பிளாக்டு அக்கவுன்ட்டில் போட வேண்டிய 11,904 யூரோவுக்காக நான் வங்கியில் இருந்த டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். வட்டி போனது போனதுதான்.

ஜூலை 25 அன்று அதே ஆலோசகர் போன் செய்து, ஐந்து இடத்திலும் நிராகரித்துவிட்டார்கள் என்றார். அடுத்த மூச்சிலேயே பெர்லினில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, ஆண்டுக்கு 12,000 யூரோ, ஒரு வாரத்தில் ஒரு லட்சம் கட்டினால் இடம் உறுதி என்றார். நிராகரித்த கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். வரவில்லை. விண்ணப்பத்திற்காக நீங்களே தொடங்கிய மின்னஞ்சலின் பாஸ்வேர்டைக் கேட்டோம். பதினேழு நாள் இழுத்தடித்து, ஆகஸ்ட் 11 அன்றுதான் கொடுத்தீர்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால், ஐந்தில் மூன்று விண்ணப்பங்கள் அனுப்பப்படவே இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்வு செய்ததோடு சரி. மற்ற இரண்டும் ஜூலை 14 அன்று, கடைசி நாளுக்கு முந்தைய இரவு போயிருக்கின்றன. அவற்றுக்கும் கட்டணம் வந்து சேரவில்லை, அதனால் பரிசீலனைக்கு எடுக்கவில்லை என்று யூனி அசிஸ்ட் அனுப்பிய மின்னஞ்சல் அதே பெட்டியில் திறக்கப்படாமல் கிடக்கிறது. யாரும் என் மகளை நிராகரிக்கவில்லை, ஐயா. அவளுடைய மதிப்பெண்ணை அங்கே ஒருவரும் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பதினேழு நாளும் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்து அவள் சாப்பிடாமல் கிடந்தாள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான். பணம்கூட அப்புறம்தான்.

இப்போது விசாரித்து ஓரளவு தெரிந்துகொண்டேன். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதைவிட அதிகம். இப்படிச் சில இடங்களை விட்டால், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. முகவருக்குக் கமிஷன் கிடைப்பது பெரும்பாலும் தனியார் கல்லூரிகளில்தான். உங்கள் நிறுவனத்திற்கு அந்தக் கல்லூரியிலிருந்து கமிஷன் உண்டா இல்லையா என்பதை எனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

கட்டிய ரூ. 89,800 முழுவதையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். 195 யூரோ யார் கணக்கில் போனது என்பதற்கு ரசீது வேண்டும். நிராகரிப்பு என்று பொய் சொன்னதற்கு என் மகளுக்கு எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். ஒப்பந்தம், ரசீதுகள், மின்னஞ்சல் பக்கங்களின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

உங்களிடம் உள்ள சான்றிட்ட மதிப்பெண் பட்டியல்களையும் பரிந்துரைக் கடிதங்களையும் மட்டும் இந்த வாரமே கூரியரில் அனுப்பிவிடுங்கள். கோடைக்காலப் பருவச் சேர்க்கைக்குப் பல இடங்களில் ஜனவரி 15 கடைசி நாள். இந்த முறை அவளே விண்ணப்பிக்கிறாள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)