முந்திரிக் கறை படிந்த கைநாட்டுகளுக்கு

குறிஞ்சிப்பாடி, வடலூர், பண்ருட்டிப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் குடியுரிமைக் காகிதங்களுக்கும் மனுவுக்கும் உதவிய உங்களுக்கு நன்றி சொல்லும் இந்த மடல் எப்போதோ வந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் "உங்கள் பெயரைப் போடலாமா?" என்று கேட்கப் போனேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன். ஒருவர் ஓய்வூதியம் வாங்குகிறவர், வேண்டாம் என்றார். இன்னொருவருக்கு ஊரில் வீண் பேச்சு ஆகாது. டீக்கடை அண்ணன் மட்டும், "என் பெயர் எதற்கு, கடைப் பெயரைப் போடு, வியாபாரமாவது நடக்கும்" என்றார். அதையும் போடவில்லை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவருக்கு மனக்குறை வரும். ஆகவே யாருக்கும் பெயர் இல்லை. உங்கள் வேலையைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியும்.

எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. குறிஞ்சிப்பாடி வட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 1993இல் பிறந்தவள் நான். எங்கள் அப்பாயியின் தாய் தகப்பன் துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள். 1948இல் அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்குப் போனது. 1990இல் அங்கேயும் இருக்க முடியாமல் படகேறி, ராமேசுவரம், மண்டபம் என்று வந்து, ஒரு பஸ்ஸில் ஏற்றி இங்கே இறக்கப்பட்டது. துறையூரிலிருந்து குறிஞ்சிப்பாடிக்கு வர எங்களுக்கு மூன்று தலைமுறை பிடித்தது. நேராக வந்திருந்தால் அரை நாள் பயணம்.

2024 ஏப்ரல் 19 அன்று, திருச்சி முகாம் ஒன்றில் வாழும் ஒரு பெண் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், தான் பிறப்பால் இந்தியர் என்பதை நிலைநாட்டியவர். மை வைத்த விரலோடு அவர் படம் செய்தித்தாளில் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். "நம் முகாமில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று அண்ணன்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முகாமில் யாருக்குமே தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகவே அவருக்கு முதல் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையின் பின்பக்கத்து இரண்டு பெஞ்சுகளை எங்களுக்கு விட்டார். விளக்கும் அவருடையது, வயதானவர்களுக்குக் கொடுத்த டீயும் அவருடையது. இதனால் ஞாயிறு வியாபாரம் அடிபட்டது என்பதை அவர் சொல்லவில்லை, அண்ணிதான் சொன்னார். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து புதுச்சேரி. காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படிக்கும் நான்கு பிள்ளைகள், ஒரு தம்பியும் மூன்று தங்கைகளும், கடலூரில் பஸ் மாறி ஞாயிறுதோறும் வந்தார்கள். வந்த முதல் நாள் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். 1987 ஜூலை 1. 2004 டிசம்பர் 3. முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். இரண்டு தேதிகளுக்கும் இடையில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டாவது தேதி முதல் பிறந்தவர்களுக்கு, ஒருவர் மட்டும் குடிமகனாக இருந்தால் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்களையும் சட்டம் அந்தப் பெயரால் அழைக்கிறது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர்களிடம் கடவுச்சீட்டு எங்கே இருக்கும்?

அந்தக் காலண்டர் தாளுக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அப்பா முகாம்காரர், பெயிண்ட் அடிக்கிறவர். அம்மா பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்க்காரர், பிறவி இந்தியர். அக்கா பிறந்தது 2003, தம்பி பிறந்தது 2006. ஒரே தாய், ஒரே ஆஸ்பத்திரி. அக்கா குடிமகள், தம்பி இல்லை. அவன் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் ரேஷன் கடைக்கு இனி அக்காவே போகட்டும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு வந்தார் வி.ஏ.ஓ. ஐயா, கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர். ஐயா, உங்களுக்கு நன்றி சொல்லும்போதே உங்கள் திட்டும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. "படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று எத்தனை முறை! பழைய பதிவேட்டுக் கையெழுத்தை உங்களைப் போல் படிக்க எங்களில் யாராலும் முடியவில்லை. 'ராசம்மா', 'ராஜம்மாள்', 'இராசம்மாள்' மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நீங்கள் எழுதித் தந்த உறுதிமொழிப் பத்திர வாசகத்தை இன்று முகாமில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஏனென்றால் எங்கள் பிரச்சினையே காகிதம்தான். இருந்த காகிதத்தையும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஓட்டோடும் ஓலையோடும் கொண்டுபோனது. கடலூரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை ஊரே பார்த்தது. எங்கள் வீடுகளில் பிறப்புச் சான்றும் பள்ளி மாற்றுச் சான்றும் கூழாகிப் போனதை யாரும் படம் எடுக்கவில்லை. பிறப்பைப் பதியவே இல்லையென்றால், பதிவில் இல்லை என்று ஒரு சான்று, அதை வைத்துக் கோட்டாட்சியர் உத்தரவு, அதற்குப் பிறகுதான் பதிவு. ஓர் அலுவலகத்தில் எங்களை ஐந்து முறை திருப்பி அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை, நன்றி மடலில் அது எதற்கு. ஆறாவது முறை ஐயா கூட வந்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தில், முன்பின் தெரியாத எங்களுக்காக 1986ஆம் ஆண்டுப் பதிவைத் தேடி எடுத்துத் தந்த ஊழியரே, நீங்கள் தந்த ஒரு தாளால் எங்கள் முகாம் அக்கா ஒருவருக்குத் தபாலில் கடவுச்சீட்டு வந்தது. அவர் எந்த ஊருக்கும் போகப் போவதில்லை. அதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

ஒரு பெரியவர் மூன்றாவது வாரம் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய இந்தியக் கடவுச்சீட்டு. கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் பெயரும் ஒரே புத்தகத்தில். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் இந்தப் பெரியவர். 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வர வேண்டியவர்கள், 1984இல் தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் நின்றதும் அங்கேயே தங்கிப் போனார்கள். பிறகு படகில் அகதியாக வந்து, இத்தனை வருடமும் அகதியாகவே கணக்குக் கொடுத்தார். "ஏன் இதை யாரிடமும் காட்டவில்லை?" என்று தங்கை ஒருத்தி கேட்டாள். "தேதி முடிந்துவிட்டதே அம்மா" என்றார். புத்தகத்தின் தேதி முடிந்தால் குடியுரிமை முடியாது என்று அவருக்கு விளங்கவைக்க அன்று மூன்று டீ தேவைப்பட்டது. அவர் மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்காரத் தம்பி, நீ தாள் விலை மட்டும்தான் வாங்கினாய். ஒரு தடவை இரண்டு குடும்பங்களின் தாள்களை மாற்றிக் கட்டிவிட்டாய். அந்த இரவு நீ வீடு வீடாக வந்து தேடியதையும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

காலண்டர் தாளில் இருந்த அந்தத் தேதி விதிகளின்படி குடிமக்கள் ஆகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். என்னைப் போன்ற மற்றவர்களுக்குச் சட்டமே மாற வேண்டும். ஆகவே ஒரு மனு எழுதினோம். படகில் வந்ததற்காக எங்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று எண்ணாமல், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியைத் திறந்து விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. நான் எழுதிய முதல் படியைத் தமிழாசிரியை அம்மா வாங்கிப் பார்த்தார். 'பாதம் பணிந்து', 'கருணை கூர்ந்து', 'மன்றாடுகிறோம்' எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தார். "கேட்கிறாயா, கெஞ்சுகிறாயா?" என்றார். 'அகதிகள் முகாம்' என்றிருந்த இடத்தில் 'மறுவாழ்வு முகாம்' என்று திருத்தினார். அந்தப் பெயரை 2021இலேயே அரசு மாற்றிவிட்டது. பழக்கதோஷத்தில் மாற்றாமல் விட்டது நான்தான். டீச்சர், அடித்ததுபோக மிஞ்சிய மனு ஒரு பக்கம்தான் வந்தது. அது நல்லதாகப் போயிற்று.

கையெழுத்து வாங்கப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. முந்திரிக்கொட்டை உடைக்கும் அக்காமார் தங்கள் கொட்டகைக்கே கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக வந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவர்கள் விரல் ரேகை தேய்ந்திருக்கிறது. மையில் அழுத்தி வைத்தாலும் தாளில் ஒரு கரிய வட்டம்தான் விழுகிறது, கோடு விழுவதில்லை. ரேஷன் கடைக் கருவியும் இந்த விரல்களை எளிதில் ஏற்பதில்லையாம். "எங்கள் கையை அந்த மிஷினே நம்பவில்லை, டெல்லியில் நம்புவார்களா?" என்று ஓர் அக்கா கேட்டார். கேட்டுவிட்டு, வைத்துவிட்டுத்தான் போனார். அக்கா, உங்கள் வட்டங்கள் எல்லாவற்றையும் அப்படியே அனுப்பியிருக்கிறோம். பக்கத்தில் பெயரை மட்டும் நாங்கள் எழுதினோம்.

கையெழுத்துப் போட மறுத்தவர் ஒருவருக்கும் நன்றி உண்டு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "எங்கள் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இதில் நீங்களும் பங்குக்கு வருகிறீர்களா?" என்று ஒரு மணி நேரம் வாதாடினார். அவர் கேட்டதில் சிலவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மனு கொடுக்கும் திங்கட்கிழமை காலை, நடக்க முடியாத எங்கள் அப்பாயியை பஸ் நிறுத்தம் வரை அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். காசு கொடுத்தேன். "உங்கள் மனு வேறு, பாட்டி வேறு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் அன்று குறைதீர்க்கும் நாள், கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாயிக்கு நாற்காலி போட்டுத் தந்த காவலருக்கு நன்றி. ஆட்சியர் வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கு மனு போனது. பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது.

2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. எங்கள் மனுவால்தான் வந்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. பல முகாம்களிலிருந்து, பல வருடங்களாக, பலர் கேட்டது அது. அன்று சாயங்காலம் முகாமில் இனிப்புக் கொடுத்தவர்களிடம் வி.ஏ.ஓ. ஐயா ஒரு லட்டை வாங்கிக்கொண்டே, "இது குடியுரிமை இல்லை, தெரியுமல்லவா?" என்றார். தெரியும் ஐயா. சிறைக்குப் போக மாட்டோம் என்பது வேறு, வாக்குப் போடுவோம் என்பது வேறு. 1993இல் பிறந்த எனக்கு இன்னும் வழி திறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்வது தொடரும். ஆனால் அண்ணியின் நியாயத்தைக் கேட்டு இடத்தை மாற்றியிருக்கிறோம். இனி முகாம் நூலகத் திண்ணையில். டீக்கு மட்டும் கடைக்கு வருவோம், காசு கொடுத்துத்தான். காலாப்பட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், தயவு செய்து கேளுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு இன்னும் 340 ரூபாய் பாக்கி இருக்கிறது, முகாம்காரர்களுக்கு அரசு தரும் இந்த மாதப் பணக்கொடை வந்ததும் தந்துவிடுகிறோம். மழையில் கோப்புகளை மூட ஒரு நீலத் தார்ப்பாயை யாரோ கொடுத்தீர்கள். ஓரத்தில் நெல் மூட்டைக் கணக்கு எழுதியிருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முகாம் வீட்டுப் பெண்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்