பட்டன் பேட்டரி விழுங்கும் குழந்தைகளுக்கு எந்நேரமும் எண்டோஸ்கோபி வசதி கோரும் மனு

அனுப்புநர்:
தோட்டக் குடியிருப்புப் பெற்றோர்கள்,
வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 9.

பொருள்: பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தைகளுக்கு இரவிலும் விடுமுறை நாளிலும் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டு, சிக்கியதை வெளியே எடுக்கும்) சிகிச்சை கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சென்ற ஆண்டு எங்கள் லைன் வீட்டுக் குழந்தை ஒன்று, பொம்மையிலிருந்து கழன்ற, காசு போல வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது. முதலில் எக்ஸ்ரே எடுத்த இடத்தில், "காசுதான், தானா வெளியே போயிடும்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் பேட்டரி என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் எண்டோஸ்கோபி டாக்டர் காலையில்தான் வருவார் என்றார்கள். கோவையில் எடுத்து முடிப்பதற்குள் உணவுக்குழாய் வெந்துவிட்டது. குழந்தை பிழைத்தது. ஆனால் குழாய் சுருங்கிப்போனதால் இன்னும் கெட்டியான சோறு இறங்குவதில்லை. அதை விரித்துவிட அடிக்கடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி, அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ச்சிக் காரம் என்னும் அரிக்கும் ரசாயனத்தை (ஆல்கலி) உண்டாக்குகிறது. அந்தக் காரம் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணாகிவிடும். ரிமோட்டிலும் எடை மெஷினிலும் உள்ள 20 மில்லிமீட்டர், 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் மிக மோசம். தீர்ந்துபோன பேட்டரிகூடப் புண்ணாக்கும். பேட்டரியை எடுத்து நாட்கள் கழித்து, புண் பெரிய ரத்தக்குழாய் வரை ஓட்டையாகி இறந்த குழந்தைகளும் உண்டு.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு வழியிலேயே கழிந்துவிடுகிறது. கீழே போன பிறகும் காத்திருக்கச் சொன்னால் எப்படி?

எனவே, பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கேற்ற எண்டோஸ்கோப்பும், அழைத்தால் நடுராத்திரியிலும் வரக்கூடிய எண்டோஸ்கோபி மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். அதுவரை, 108 ஆம்புலன்ஸ் இடையில் எங்கும் நிற்காமல், சிகிச்சை உறுதியாகக் கிடைக்கும் கோவை மருத்துவமனைக்கே நேராகப் போகட்டும்; முன்கூட்டியே போன் செய்து அங்கே ஆட்களைத் தயாராக வைக்கட்டும்.

வால்பாறையில் எந்நேரமும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நேராகவும் பக்கவாட்டிலும். விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால் பேட்டரி என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சுத் திணறலும் எச்சில் ஒழுகலும் இல்லாத குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிய காசை எடுக்க ஒரு நாள் வரை அவகாசம் உண்டு, பேட்டரிக்கு அது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினாலும் அவசரம்தான். குடலின் இரு மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு நடுவில் ஓட்டை போடும்.

அப்புறம், தோட்டங்களுக்கு வரும் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தாய்மார்களுக்கு ஒன்றைச் சொல்லித்தர வேண்டும்: பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தைக்கு வாழைப்பழமோ சோற்றுருண்டையோ கொடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டி, விழுங்கி 12 மணி நேரம் ஆகாத, விழுங்கச் சிரமப்படாத குழந்தைக்கு, போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம். ஆனால் தேன் தேடிக்கொண்டு வீட்டில் நிற்கக் கூடாது.

தாங்கள் விரைவில் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வால்பாறை தோட்டக் குடியிருப்புப் பெற்றோர்கள்