ஃபோரேயைத் தாண்டாதே

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் சிடியும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம். மாடி ஒழுகல் ஒருவழியாக நின்றது. இடது காதுக்கு மிஷின் வாங்கிவிட்டேன்; அதில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான் பிரமாதமாகக் கேட்கிறது.

எபேன் என்கிற பிரெஞ்சு தந்தி வாத்திய நால்வர் குழு 2008இல் வெளியிட்ட இந்த சிடியில் மூன்று பிரெஞ்சு இசையமைப்பாளர்கள்; அதில் டெபுஸியும் ராவெலும் போதும், ஃபோரே வந்தால் தாண்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். உன் பேச்சைக் கேட்டு முதல் நாள் நானும் தாண்டினேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒரு வாரமாக ஃபோரே மட்டும்தான் ஓடுகிறது.

டெபுஸி தன் குவார்டெட்டை, அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), ஒரு செல்லோ நாலுக்குமான இசையை, எழுதியபோது வயது 31. ராவெலுக்கு 28, அதை அவர் காணிக்கையாக்கியதே தன் ஆசிரியர் ஃபோரேவுக்குத்தான். அந்த ஆசிரியரோ 78 வயது வரைக்கும் இந்தப் பக்கமே வரவில்லை. பியானோ இல்லாமல் அவர் எழுதிய ஒரே பெரிய சேம்பர் இசையும் (சில வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது) இதுதான். பெத்தோவனைத் தவிர எல்லோருக்கும் இந்த வடிவம் என்றால் பயம் என்று மனைவிக்கு எழுதியிருக்கிறார். பாரிஸ் கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரிக்கு 15 வருஷம் தலைவராக இருந்த மனுஷன்!

ஃபோரேயின் காது விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. வெறும் செவிடு இல்லை. மேல் ஸ்வரங்கள் இறங்கிக் கேட்குமாம், கீழ் ஸ்வரங்கள் ஏறிக் கேட்குமாம், நடுவில் இருப்பது மட்டும் சரியாக. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு 1923 செப்டம்பரில் பிரான்ஸின் அன்னெசி ஏரிப் பக்கம் உட்கார்ந்து நடுப் பகுதியை முதலில் எழுதினார். நீ விடிந்தும் விடியாத மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டாயே, அதே பகுதிதான். எங்கே முடியப்போகிறது என்று காட்டாமல் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. இந்தப் பையன்களும் அழுகையைக் கூட்டாமல், அவசரப்படாமல் ஏறுகிறார்கள். முதல் பகுதியை வயோலா கேள்வி மாதிரி தொடங்குகிறது, வயலின் பதில் சொல்கிறது. அதில் வரும் மெட்டுகள், 40 வருஷத்துக்கு மேலாக அவர் முடிக்காமல் போட்டு வைத்திருந்த வயலின் கான்செர்ட்டோவிலிருந்து (ஆர்கெஸ்ட்ராவோடு வயலின் தனியாக முன்னால் நின்று வாசிப்பது) எடுத்தவை. கடைசிப் பகுதியில் தந்தியை விரலால் மீட்டும் இடங்கள் வருகின்றன. கொஞ்சம் சிரிப்புகூட உண்டு. ஆனால் அது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

1924 செப்டம்பரில் முடித்தார், நவம்பர் 4இல் போய்விட்டார். நெருங்கிய நண்பர்கள் சிலர் முதலில் கேட்கட்டும், வெளியிடுவதா அழிப்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருந்தார். மறுவருஷம் ஜூனில்தான் அரங்கேறியது.

நல்லவேளை, அந்த நண்பர்களில் நீ இல்லை.

சிடியை இப்போதைக்குத் திருப்பித் தருவதாக இல்லை. ராவெல் வேண்டுமென்றால் கிளம்பி வா. ஆனால் முதலில் ஃபோரே, தாண்டாமல் 3 பகுதியும். ஃபேனை அணைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
மணி