மாராவில் இரண்டு ராத்திரி மாசாய்க்காரர் முகாமில்: கென்யா டூர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து கென்யாவுக்கு டூர் நடத்துபவர்களுக்கும், போட்டோகிராபி குழுக்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மாசாய் மாராவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உங்களைப் போன்ற ஒருவரின் குழுவோடு. நைரோபியில் வேன் ஏறி, செக்கெனானி வாசல் வழியாக உள்ளே போய், மூன்று நாளில் சிங்கம், யானை, ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒருவகை மான்) மந்தை எல்லாம் பார்த்தோம். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான மாசாய் மக்களோடு பேசியது வாசலில் மட்டும்தான். மணிமாலை விற்ற பெண்களிடம் விலை கேட்டதோடு சரி.

இரண்டாவது தடவை, தாலெக் ஊருக்குச் சற்று வெளியே, ஒரு மாசாய் வழிகாட்டி சொந்தமாக நடத்தும் முகாமில் நான்கு ராத்திரி தங்கினேன். மொத்தமே ஆறு கூடாரம். விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் ஊற்றி மேலே தொங்கவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் குளியல். இந்த மடலை எழுத வைத்தது அந்த நான்கு ராத்திரிதான்.

முதல் நாள் காலையில் அந்த வழிகாட்டி ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எதிரே மூன்று ஒட்டகச்சிவிங்கிகள். மூன்றும் இலை மேய்வதை விட்டுவிட்டு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. "அவை பார்க்கிற இடத்தையே நாமும் பார்ப்போம்" என்று சொல்லி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் புல் அசைந்தது. ஒரு பெண் சிங்கம் வெளியே வந்தது, பின்னாலேயே இரண்டு குட்டிகள். ரேடியோவில் யாரும் துப்புக் கொடுக்கவில்லை, வேறு வண்டியும் இல்லை. சின்ன வயதில் அப்பாவின் மாடுகளை மேய்த்தபோது கற்றது என்றார். இதைக் கவனிக்காதவன் சாயங்காலம் ஒரு மாடு குறைவாகத்தான் வீட்டுக்கு ஓட்டி வருவானாம். அந்த அறிவோடு நிற்காமல் படித்துமிருக்கிறார். கென்யாவின் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு வைக்கிறது. அவர் வெள்ளி நிலை முடித்தவர்.

இந்த நிலத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1904இலும் 1911இலும் பிரிட்டிஷ் அரசு போட்ட ஒப்பந்தங்களால் மாசாய் மக்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களை இழந்து தெற்கே தள்ளப்பட்டார்கள். அந்தத் தெற்கிலும் ஒரு பகுதி பின்னாளில் சரணாலயமானது. இன்றைய மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். அது நாரோக் கவுண்டி அரசுக்குப் போகிறது.

விலங்குகளுக்குக் காப்பகத்தின் எல்லை தெரியாது. சுற்றியுள்ள நிலம் மாசாய் குடும்பங்களின் பெயரில் இருக்கிறது. ஓல் கின்யேய், நபோய்ஷோ போன்ற இடங்களில் குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து வனவிலங்குகளுக்கு விட்டு, முகாம்களிடமிருந்து குத்தகை வாங்குகின்றன. 2016இல் தொடங்கிய நாஷுலாய் என்ற இதேபோன்ற இடத்தை மாசாய் மக்களே நிர்வகிக்கிறார்கள். வருமானம் வராத நிலத்தில் வேலி முளைக்கிறது. வேலி வந்தால் வில்டபீஸ்ட் நடக்க வழி இல்லை. 2020இல் கொரோனாவால் பயணிகள் வராதபோது குத்தகைப் பணமும் குறைந்து போனது. நீங்கள் போடும் பயணத் திட்டத்துக்கும் அந்த வேலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அதனால் கேட்கிறேன். மாராவில் நான்கு ராத்திரி என்றால் இரண்டையாவது உள்ளூர்க்காரர் நடத்தும் முகாமில் போடுங்கள். பெயரில் மாசாய் இருக்கிறது, வாசலில் சிவப்பு ஷூக்கா போர்த்திய ஆள் நிற்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, லாபம் யார் கைக்குப் போகிறது, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் உடனே சொல்லிவிடுவார்.

சாப்பாட்டை நினைத்துத் தயங்க வேண்டாம். சப்பாத்தியும் பால் விட்ட டீயும் இந்தியாவிலிருந்து போனவர்கள் வழியாக வந்து கென்யாவின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டவை. சுக்குமா விக்கி என்ற கீரை வதக்கல் நம் கீரைப் பொரியலுக்குப் பக்கத்து வீடு. மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி, களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதே இல்லை. என்னோடு வந்த சைவக்காரர் ஒருவர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

அட்வான்ஸ் விஷயம் ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். நான் அங்கே இருந்தபோதே ஓர் ஏஜென்ட் நான்கு கூடாரத்தை இரண்டு நாள் முன்னால் ரத்து செய்தார். அதுவரை பைசா கொடுத்திருக்கவில்லை. நாரோக் ஊரிலிருந்து காய்கறி வந்து இறங்கியாகிவிட்டது. முகாம் நடத்தும் வழிகாட்டி தன் நோட்டில் அந்த வரியை ஒரே கோடாக அடித்தார், சமையல்காரரிடம் மாசாய்களின் மா மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். மதியத்துக்குள் வேலைக்கு வந்திருந்த இரண்டு பையன்கள் துணிப்பையோடு வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். பெரிய ஓட்டலுக்குக் கட்டுகிற அதே அட்வான்ஸை, அதே கெடுவில், இவர்களுக்கும் கட்டுங்கள். ரத்தானால் அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

போட்டோ குழு நடத்துபவர்களே, இன்னொன்று. காப்பகத்துக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. சிறுத்தையோ சிவிங்கிப்புலியோ இருக்கும் இடத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம் கிட்டே" என்று டிப்ஸைக் காட்டி வழிகாட்டியை நெருக்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் அவர் தலையில். நாம் மறுநாள் விமானம் ஏறிவிடுவோம், அவர் அதே வாசலில் தினமும் போய் நிற்க வேண்டியவர்.

அந்த முகாமின் தொடர்பு எண் என்னிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகத் தருகிறேன். ஆகஸ்டில் ஆறு கூடாரமும் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் முன்கூட்டியே கேளுங்கள். மார்ச்சிலும் ஜூனிலும்தான் அவருக்குத் தங்க வருகிற ஆள் வேண்டும்.

அன்புடன்,
மாராவுக்கு இரண்டு தடவை போய்வந்த ஒருவன்