விலை பற்றியும் அந்த வீடியோ பற்றியும், நம் கடை வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போர்டுக்கும் படத்துக்கும் விலை ஏற்றப் போவதை ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரத்திலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்பதில்லை, நம் வியாசர்பாடியை நான் கேவலமாகப் பேசியதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த வீடியோவைத்தான் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கல்யாணபுரம், எம்.கே.பி. நகர், முல்லை நகர் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.

முதலில் விலை. எனாமல், பிரைமர், டர்பன்டைன், தகடு என்று எதைத் தொட்டாலும் ஏறித்தான் இருக்கிறது. நல்ல பிரஷ்ஷுக்குப் பாரிமுனை வரை போக வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தகர போர்டு சதுர அடிக்கு 150 ரூபாய் என்பது 180 ஆகிறது. இரண்டுக்கு மூன்று அடியில் கேன்வாஸ் படம் 4,000 ரூபாய் என்பது 4,800. ஆட்டோவுக்குப் பின்னால் எழுதுவதும் தள்ளுவண்டிக்குப் பெயர் எழுதுவதும் பழைய விலைதான், அதில் கை வைக்க மனம் வரவில்லை.

"இதுக்கு ஃப்ளெக்ஸே அடிச்சிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக அடிக்கலாம், மலிவுதான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான் சினிமா பேனர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, நானும் அங்கிருந்துதான் வெளியே வந்தேன். வெயிலில் அது எத்தனை சீக்கிரம் வெளுக்கிறது என்பதை நம் தெருவிலேயே பார்க்கலாம். பிரைமர் அடித்து இரண்டு கோட் எனாமலில் எழுதிய போர்டைத் துடைத்தால் போதும், திரும்பவும் பளிச்சென்று இருக்கும். எனக்கு அது பிழைப்பு மட்டுமில்லை, எழுத்தில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நம்புகிறேன்.

கடையில் என்னோடு இருந்த தம்பியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்கேல் இல்லாமல் நேர்க்கோடு இழுப்பான். அம்பத்தூர் பக்கம் ஸ்டிக்கர் வெட்டும் யூனிட்டில் மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் சேர்த்துக் கிடைத்ததும் போய்விட்டான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்யாணம் ஆன பிள்ளை, நான் கொடுத்த வாரக்கூலியில் எவ்வளவு நாள் ஓட்டுவான்? இப்போது தகடு தேய்ப்பது முதல் கடைசி வார்னிஷ் வரை நான் ஒருவன்தான்.

இனி வீடியோ விஷயம்.

வடசென்னை ஓவியர்களைப் பற்றி எடுக்கிறோம் என்று சில பிள்ளைகள் கேமராவோடு வந்தார்கள். மதியம் ஆரம்பித்து வெளிச்சம் போகும் வரை பேசினோம். நல்ல பிள்ளைகள்தான், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போட்ட வீடியோ சில நிமிடம்தான் வந்தது. அதிலிருந்து யாரோ ஒரு வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். "வியாசர்பாடின்னு போர்டுல போட்டா யாவாரம் ஆவாது." குரல் என்னுடையது. ஆனால் முன்னும் பின்னும் காணோம்.

நான் சொன்னது இது (பெரம்பூர் நமக்குப் பக்கத்து ஏரியா): "வியாசர்பாடின்னு போர்டுல போட்டா யாவாரம் ஆவாதுன்னு வர்றவங்க சொல்றாங்க. பெரம்பூர்னு போடச் சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கல. இங்கேயே கடை வெச்சி இங்க இருக்கிறவங்ககிட்டதானே விக்கிறே, அப்புறம் ஏன் ஊர் பேரை மறைக்கிறேன்னு கேப்பேன்."

"சொல்றாங்க" என்ற ஒரு சொல் போனதும் அது என் கருத்தாகிவிட்டது. "நம்ம ஏரியாவில் சம்பாதித்துவிட்டு நம்மையே கேவலமாகப் பேசுகிறார்" என்று ஒரு குரூப்பில் குரல் பதிவே போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு அன்றைக்கு என்னால் பிரஷ் பிடிக்க முடியவில்லை. இந்த மண்ணில் பிறந்தவன் நான். ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லாதவர்களுக்கு என் கடையில் எழுதிய எந்த போர்டிலும் கடைசி வரியைப் போய்ப் பாருங்கள். "வியாசர்பாடி, சென்னை - 39" என்றுதான் இருக்கும், மேல் வரிக்கு என்ன கவனமோ அதே கவனத்தோடு. வாடிக்கையாளர் பிடிவாதமாகப் பெரம்பூர் என்று கேட்டால் எழுதித்தான் கொடுத்திருக்கிறேன், அது அவர் காசு, அவர் பிழைப்பு. ஆனால் வியாசர்பாடி என்று எழுதச் சம்மதித்த யாரிடமும் அந்த வரிக்குக் காசு வாங்கியதில்லை. இந்த விலை உயர்விலும் அது அப்படியே தொடரும்.

மறைக்கிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன் முகவரியில் அத்தை வீட்டு விலாசத்தைப் போடுகிறான். கடன் விசாரிக்க வருகிறவர் ஏரியா பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிடுகிறார். ராத்திரி ஆட்டோ பேசினால் "மூலக்கடை வரை வரேன், உள்ளே வரல" என்கிறார்கள். சினிமாவில் நம் தெரு வந்தால் கையில் கத்தி இருக்கும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு பெண் டியூஷன் சென்டர் ஆரம்பிக்கும்போது பெயர்ப்பலகையில் ஊரை விட்டுவிடலாமா என்று தயங்கினால், தப்பு அவள் மேலா இருக்கிறது? இதைத்தான் அந்தப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் சொன்னேன்.

போர்டு எழுதுகிறவனுக்கு ஒரு ஊரின் கதை வேறு மாதிரி தெரியும். என் அப்பா பின்னி மில்லில் இருந்தார். பி அண்ட் சி மில், அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி மில் என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானதே அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். மில், ரயில்வே, துறைமுகம் மூன்றுக்கும் கை கொடுத்த ஜனங்கள்தான் நம் தெருக்களில் இருந்தது. 1996-ல் மில் மூடியது. அப்போது எனக்கு வேலை கூடியது என்று சொன்னால் நம்புவீர்களா? கையில் வந்த கொஞ்சம் பணத்தை வைத்துப் பெட்டிக்கடை, டெய்லர் கடை, எஸ்.டி.டி. பூத் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள், எல்லோருக்கும் போர்டு வேண்டும். ராத்திரி லைட் போட்டு எழுதினேன்.

வருடம் திரும்புவதற்குள் அதே தகடுகள் திரும்பி வந்தன. மேலே அடித்துவிட்டு வேறு பெயர் எழுதச் சொன்னார்கள், அல்லது பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்றைக்கும் பழைய தகடு ஒன்றைத் தேய்க்கும்போது மேலே மொபைல் ரீசார்ஜ், அதற்குக் கீழே எஸ்.டி.டி. பூத், அதற்கும் கீழே "நவீன டெய்லர்ஸ்" மாதிரி ஒரு பெயர் வரும். அந்தக் கீழ்ப் பெயரை நானே எழுதியிருப்பேன், அதை எழுதச் சொன்ன மனிதர் இப்போது எங்காவது இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருப்பார். உழைக்கத் தெரியாத ஜனம் என்று நம்மைச் சொல்கிறவர்களை என் கடைக்கு அழைத்து வந்து அந்தத் தகடுகளைக் காட்ட ஆசை. எத்தனை முறை திரும்பத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள்!

மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டது என்றால் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நம் குழந்தைகளுக்கே கணக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடைக்குள் தண்ணீர் ஏறியது. பிளைவுட் எல்லாம் ஊறிப்போனது. குத்துச்சண்டை கிளப் சுவரில் நான் வரைந்த முகமது அலிக்கு இடுப்புக்குக் கீழே பெயிண்ட் உரிந்துவிட்டது. 1980-ல் அவர் சென்னைக்கு வந்து மோதிக் காட்டியதை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சுவரைத் திரும்பவும் வரைந்து கொடுக்கப் பெயிண்ட் செலவு மட்டும்தான் கேட்டேன், அதையும் பசங்களே வசூலித்துக் கொண்டு வந்தார்கள். உலகக்கோப்பைக் கால்பந்து வந்தால் பிரேசில் கொடிக்கும் அர்ஜென்டினா கொடிக்கும் மஞ்சளும் நீலமும் கலந்து கலந்து கை ஓய்ந்துவிடும். ஏப்ரல் மாதம் அம்பேத்கர் படத்துக்கு அந்த நீலத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குவேன். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் ஈரமான எனாமல் மேல் கரித்தூள் வந்து உட்காரும், அன்றைக்கு வேலையை மூடி வைக்க வேண்டியதுதான். இதெல்லாம் சேர்ந்ததுதான் நம் இடம். இதில் எதை நான் கேவலமாகப் பேசினேன்?

அந்தப் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்டார்கள். 2020-ல் தென்சென்னைப் பக்கம் கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்ததே, இங்கும் அப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று. வந்தால் சந்தோஷம் என்றேன். ஆனால் சாரத்தில் ஏறுகிற ஆட்களில் நம் ஏரியாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் இறங்கிய பிறகும் இங்கே நாலு கை தொழில் தெரிந்ததாக இருக்கும் என்றும் சொன்னேன். அதுவும் வீடியோவில் வரவில்லை.

நான் அதிகம் செய்வது இறந்தவர்கள் படம், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரும்பாலும் கொண்டு வருவது வாக்காளர் அட்டையோ, யாருடைய கல்யாணத்திலோ பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகமோதான். கட்டம் போட்டுப் பெரிதாக்கும்போது கண் எங்கே, உதடு எங்கே என்று படத்தில் தெரியாது. அப்போது வீட்டு ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். "சிரிச்சா இந்தப் பக்கம்தான் குழி விழும்" என்று ஒரு அக்கா சொன்னதை வைத்துத்தான் அவர் வீட்டுக்காரர் முகத்தை முடித்தேன். நம் தெருக்களில் எத்தனையோ பேருக்கு உயிரோடிருந்தபோது ஒரு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ள வசதி இல்லை. முதல் முறையாகச் சரியான வெளிச்சத்தில் அவர்கள் முகம் வருவது என் கேன்வாஸில்தான். இந்த வேலையைச் செய்கிறவன் இந்த ஜனங்களை இழிவாகப் பேசுவானா? நீங்களே சொல்லுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். புயலன்று இடுப்பளவுத் தண்ணீரில் வந்து முடிந்த படங்களைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்த சர்மா நகர்ப் பிள்ளைகளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கால்வாய் ஓரத்திலிருந்து வீடு எடுக்கப்பட்டு, தெற்கே தள்ளியிருக்கிற பெரும்பாக்கம் போன குடும்பங்கள் இன்னும் பஸ் மாறி மாறி வந்து என்னிடமே படம் கொடுக்கிறார்கள். அங்கே பக்கத்தில் யாரும் இல்லையா என்று கேட்டால், "அவருக்குத் தெரிஞ்ச கைதான் வரையணும்" என்கிறார்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தம்பிகள் வீடியோ பரவிய அன்றே கடைக்கு வந்து, முழு வீடியோவையும் பார்த்துவிட்டு, தங்கள் குரூப்பில் விளக்கம் போட்டார்கள். எனக்காக யாரும் சண்டைக்குப் போக வேண்டாம் என்று அவர்களிடமும் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிப் போட்டவரும் நம் ஆளாகத்தான் இருப்பார். ஒரு நாள் அவருக்கும் ஒரு போர்டு தேவைப்படும், வரட்டும்.

சரி, மற்ற விஷயங்கள். முன்பணம் பாதி என்பது அப்படியே. கேன்வாஸ் படங்களுக்கு இனி மூன்று வாரம் ஆகும், ஏற்கெனவே கொடுத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. முழு வீடியோ என் போனில் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கை எழுத்து கற்றுக்கொள்ள விருப்பமுள்ள பையனோ பெண்ணோ உங்கள் தெருவில் இருந்தால் அனுப்பி வையுங்கள். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, காலையில் வந்து தகடு தேய்க்கப் பொறுமை இருந்தால் போதும். முதல் நாளிலிருந்தே கூலி உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆர்ட்டிஸ்ட்
வியாசர்பாடி, சென்னை - 39