சிவப்புத் துண்டு யார் தோளில்

கண்ணு,

நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே உனக்கு ஆபீஸ் கூப்பிட்டுவிட்டது, பாதியில் வைத்துவிட்டாய். மே மாதம் முழுக்கப் பிள்ளைகளை இங்கே விடுகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கும் அம்மாவுக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் கடைசியாக, "கிணத்துப் பக்கம் மட்டும் விட்டுராதீங்கப்பா" என்றாய். அது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு ஒரு விஷயம் முழுசாகச் சொன்னதே இல்லை. தொட்டியில் விழுந்தாய், தூக்கிவிட்டோம் என்று மட்டும் உனக்குத் தெரியும். அப்போது உனக்கு நாலு வயசு. அண்ணனுக்குக் காதுகுத்து, வீட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் சனம், பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். நீ அம்மாகிட்ட இருக்கிறாய் என்று நான் நினைத்தேன், அத்தைகிட்ட இருக்கிறாய் என்று அம்மா நினைத்தாள், அத்தை நீ தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறாள். மாடு தண்ணி குடிக்கிற தொட்டி உன் நெஞ்சு உயரம்கூட இருக்காது. செவலைப் பசு தண்ணிக்குப் போனது, குடிக்காமல் மூக்கால் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தது. ஏன் இப்படிப் பண்ணுகிறது என்று எட்டிப் பார்த்தேன், தண்ணிக்கு மேலே உன் பச்சைப் பாவாடை மட்டும் உப்பிக்கொண்டு மிதந்தது.

சத்தமே இல்லை கண்ணு. தண்ணியில் போகிற பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும், ஓடிப் பிடித்துவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூச்சுக்கே வழியில்லாதபோது பிள்ளை எப்படிக் கத்தும்? பத்தடி தள்ளி முப்பது பேர் இருந்தும் ஒருத்தர் காதிலும் ஒன்றும் விழவில்லை.

உன்னைத் தூக்கினதும் பக்கத்திலிருந்த ஒருத்தர் வாங்கிக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார். நீயாகவே இருமி அழுதுவிட்டாய், சாமி புண்ணியம். போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுகர் மாத்திரைக்குப் போனபோது அங்கே நர்ஸம்மாவிடம் இதைக் கேட்டேன். சுற்றவும் கூடாது, வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கவும் கூடாது, அதில் நேரம்தான் போகும் என்றார். மூச்சில்லை என்றால் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், அப்புறம் நெஞ்சு நடுவில் 30 தடவை அழுத்தி, 2 மூச்சு, திரும்ப 30, ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் விடாமல். இன்னொருத்தர் அதற்குள் 108-க்கு அடிக்க வேண்டும். ஒரு தலையணையை வைத்து என்னைச் செய்ய வைத்தே காட்டினார். நீயும் மாப்பிள்ளையும் அங்கே பெங்களூரில் யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைத் தண்ணிப் பக்கமே விடாமல் ஒரு மாதம் அடைத்து வைக்க என்னால் ஆகாது. வைத்தாலும் பெரியவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன்களோடு எனக்குத் தெரியாமல் போய் இறங்குவான், அதுதான் எனக்குப் பெரிய பயம். அதனால் நானே கற்றுக்கொடுக்கிறேன். எங்க அப்பா எனக்கு முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூடு, கட்டித்தான் இறக்கிவிட்டார். இப்போது புருடை எங்கே கிடைக்கிறது, காலி எண்ணெய் கேன் இரண்டு வைத்திருக்கிறேன், அதோடு இடுப்பில் ஒரு கயிறு, கயிற்று நுனி படியில் நிற்கிற என் கையில். காலையில் ஏழு மணிக்கு இறங்கினால் எட்டரைக்கு ஏறிவிட வேண்டும். சின்னவளுக்கு இந்த வருசம் படியில் உட்கார்ந்து காலை அடிக்கிறது மட்டும்தான்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். வீட்டில் ஒரு சிவப்புத் துண்டு. அது யார் தோளில் இருக்கிறதோ அவர் கண் பிள்ளைகள் மேலேயே இருக்க வேண்டும், போன் எடுக்கக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது. மாற்றிவிட வேண்டுமென்றால் கையில் கொடுத்து "இனி நீ பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காதுகுத்தில் அப்படி ஒரு துண்டு இருந்திருந்தால்! உன் அம்மா இப்போதே பழகிவிட்டாள்.

அந்தத் தொட்டிக்கு இரும்புக் கம்பிவலை மூடி போட்டாயிற்று. தெற்கு மூலையில் தண்ணி வராமல் விட்ட போர்வெல் குழியையும் மண்ணடித்து மேலே சிமெண்ட் போட்டுவிட்டேன். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பையன் போர்வெல் குழியில் விழுந்தானே, நாலு நாள் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்து கடைசியில் பிள்ளையை உயிரோடு எடுக்க முடியவில்லை. அந்த வாரமே ஆள் வைத்து மூடினேன். வாய்க்காலுக்கு மட்டும் யாரையும் விடமாட்டேன், கரை முழுக்கப் பாசி, பெரிய ஆளே உள்ளே போனால் பிடித்து ஏற முடியாது. கொடிவேரி அணைக்கு ஒருநாள் நானே கூட்டிப்போகிறேன். மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, சனம் நின்று குளிக்கிற இடத்திலேயே குளிக்க வைத்துக் கூட்டி வந்துவிடுவேன். அதற்கு மேலே இருக்கிற பவானிசாகர் அணையில் தண்ணி திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகமாட்டோம்.

மே 4 வாக்கில் கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும், அதனால் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை திண்ணையைத் தாண்டக் கூடாது. உன் அம்மா பல்லாங்குழியைத் துடைத்து வைத்திருக்கிறாள், புளியங்கொட்டையும் ரெடி. வடகம் பிழிகிற அன்றைக்குக் காக்கா ஓட்டுகிற வேலை சின்னவளுக்கு. நொங்கு தின்றபின் மிஞ்சுகிற வெறும் காய் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்து கொடுத்தால் சாயந்தரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பார்கள், நீயும் அப்படித்தான் ஓட்டினாய். போனை அடியோடு பிடுங்கமாட்டேன், ராத்திரி சாப்பிட்டதும் அரைமணி நேரம் பார்க்கட்டும், உன்னோடு வீடியோவில் பேசுகிறதும் அப்போதே ஆகிவிடும்.

அனுப்பும்போது பெரியவனுக்குப் பழைய டவுசர் நாலு கூடுதலாக வைத்துவிடு. கிணற்றுப் படியில் உட்கார்ந்தால் பாசிக்கறை ஏறிவிடும், எத்தனை துவைத்தாலும் போகாது.

அப்பா